மூணு விரக்கடை ஏத்தம்

அமலியின் இடது பாதத்துக்குக் கீழே தரை முதன்முதலாக எழும்பியது ஒரு வியாழக்கிழமை, தண்ணி லாரி வருகிற நாள். சங்குக்கல் காலனியில் அந்த நாளை இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை, மறக்காததற்குக் காரணம் தரை எழும்பியது அல்ல, எழும்பிய மேட்டில் தடுக்கிக் குருசம்மா சித்தி ஒரு குடம் நல்ல தண்ணியைக் கொட்டிவிட்டாள், அந்த ஒரு குடத்துக்காக அவள் போட்ட சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்டது.

அமலிக்கு எட்டு வயது. அவளுடைய இடது கால் வலது காலைவிடக் கட்டை. பிறந்தபோது ஒரு விரல் அகலம் கட்டையாக இருந்தது, பால்வாடிக்குப் போகும்போது இரண்டாகி, மூன்றாம் வகுப்புக்கு வரும்போது மூன்று விரக்கடை ஆகிவிட்டது. நடந்தால் அலையில் போகிற வள்ளம் மாதிரி ஒரு பக்கம் முங்கி முங்கி எழும்புவாள். காலனிக்காரர்கள் அவளுக்குப் பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை, நொண்டி என்று வைத்தார்கள். அந்த வியாழக்கிழமை அவள் லாரியைப் பார்த்து ஓடும்போது இடது பாதம் பட்ட இடமெல்லாம் தரை எருமை முதுகு மாதிரி மெதுவாக மேலே வந்து அவள் காலைத் தாங்கிக்கொண்டது, மூன்று விரக்கடை, ஒரு மயிரிழை கூடவும் இல்லை குறையவும் இல்லை, மண்ணில் மண்ணாக எழும்பியது, சிமென்ட்டில் கீறல் விடாமல் சிமென்ட்டாக எழும்பியது, எழும்பியது எழும்பினபடியே நின்றது, அவளும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நேராக நடந்தாள்.

அம்மா பனிமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா ஜெனோவா அழவில்லை. ஜெனோவாவுக்குப் பதினேழு வயது, பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போகிறவள். அங்கே புதுப் பாத்தி வெட்டினால் உப்பு விளைவதற்கு முன்னால் அதன் தரையை வரிசையாக நின்று வெறுங்காலால் மிதித்து மிதித்துக் கல்லாக இறுக்க வேண்டும், அந்த வேலைதான் அவளுக்கு. அதனால் தரை என்பது மிதித்தால் இறங்குகிற சாமான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். குத்தவைத்து உட்கார்ந்து முதலில் மேட்டை விரலால் அளந்தாள். பிறகு தங்கச்சியைக் கட்டிலில் படுக்கப்போட்டுக் காலை அளந்தாள்.

"தரைதான் வளந்திருக்கு. காலு வளரல," என்றாள்.

அது யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு நியாயம் இருந்தது. சங்குக்கல் காலனி ஒரு பள்ளம். ஐப்பசி பிறந்தால் ஊர்த் தண்ணி எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும், முழங்கால் தண்ணியில் அடுப்பைக் கட்டிலின் மேலே தூக்கி வைத்துச் சமைப்பார்கள், பாம்புகூட வழி கேட்காமல் உள்ளே வந்து போகும். தெருவை உயர்த்தச் சரள் மண் அடித்துத் தரச் சொல்லி ஒரு மனு எழுத வேண்டும் என்று காலனிச் சங்கத் தலைவர் லிங்கத்துரை அண்ணாச்சி நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், அந்த வருஷம் நிஜமாகவே பாதி எழுதியும்விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தரை எழும்பியது. அண்ணாச்சி பேனாவை மூடினார். ஒரு நடைக்கு மூன்று விரக்கடை என்றால் பத்து நடைக்கு முப்பது விரக்கடை, ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு இன்னும் எத்தனை நடை என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தார், மறுநாள் காலையில் சங்கத்துக் கரும்பலகையில் எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று சாக்பீஸால் எழுதிப் போட்டார். முதல் கிழமை யாருடைய வீட்டுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் என்ன, காலனி அந்த அதிசயத்துக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. இடது கால் படவேண்டிய இடத்துக்கெல்லாம் சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட்டார்கள். பிள்ளை செருப்புப் போட்டு நடந்தால் எழும்புமா, எழும்பாதா என்று இரண்டு நாள் சண்டை போட்டார்கள், எழும்பும் என்று தெரிந்த பிறகும் வெறுங்கால்தான் சுத்தம் என்று செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஆடுகள் புது மேட்டில் படுக்கப் பழகின. கரண்ட் கணக்கு எடுக்க வருகிறவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மாநகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்து, நோட்டில் "இயற்கையான மேடு" என்று எழுதி, மோர் குடித்துவிட்டுப் போனார். நொண்டி என்று கூப்பிட்ட அதே வாய்கள் மேட்டம்மா என்று கூப்பிட்டன, மேட்டம்மா எங்க வீட்டுப் பக்கம் வா, மேட்டம்மா இன்னும் ரெண்டே நடை, மேட்டம்மா முறுக்குத் தின்னுட்டுப் போ. காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருபது நடை, சாயங்காலம் வந்த பிறகு இருபது நடை என்று எட்டு வயசுப் பிள்ளை நடந்து நடந்து ஒவ்வொரு வீட்டு வாசலையும் உயர்த்தினாள், குருசம்மா சித்தி வாசல் உயர்ந்தது, சங்கத்துக் கொட்டகை உயர்ந்தது, தெரு முழுக்க உயர்ந்தது, ஒரு வீடு மட்டும் உயரவில்லை.

அது அமலியின் வீடு. தெருக்கடைசி வீடு. நடந்து முடித்து அங்கே வந்து சேரும்போது உள்ளங்கால் கொப்புளித்து, இடுப்பு கடுத்து, வாசற்படியிலிருந்தே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் உள்ளே போவாள், காலையிலும் அப்படியேதான் வெளியே வருவாள். கால் படாத தரை எப்படி எழும்பும்? ஐப்பசிக்குக் காத்திருக்காமல் அந்தப் புரட்டாசியிலேயே ஒரு மழை பெய்தது, காலனித் தண்ணி முழுவதும் புது மேடுகளில் வழுக்கி வழுக்கி நேராகப் பனிமேரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் காய்ந்த வாசலில் நின்று, "யம்மா, நம்ம மேட்டம்மா புண்ணியம்," என்று பேசிக்கொண்டிருந்தது ஜெனோவாவுக்குக் கேட்டது. அவள் வாளியால் தண்ணியைக் கோரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அவள் தங்கச்சியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா கொச்சியில் மீன்பிடி போட்டில் இருக்கிறவர், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர், அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகிறவள், வேறு யார் போவது?

எலும்பு டாக்டரம்மா நல்லவர். மேட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளையைப் பெஞ்சில் படுக்கவைத்து இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் டேப்பால் அளந்து, "நாலரை சென்டிமீட்டர். இப்பவே செய்யணும், விட்டா இது கூடிக்கிட்டேதான் போகும், முழங்காலும் முதுகும் கெட்டுப்போகும்," என்றார். கால் எலும்பை ஓரிடத்தில் வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிடித்து, ஒரு நாளைக்கு நாலு தடவை திருகு திருகினால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும் என்று படம் போட்டுக் காட்டினார். தேதியும் கொடுத்தார், ஐப்பசி பத்து. ஒரே ஒரு காகிதம் வேண்டும். இலவச ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுக்கிற ஆபீஸுக்குப் பிள்ளை நின்றபடி எடுத்த எக்ஸ்ரே போக வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. எக்ஸ்ரே அறையில் அமலி படம் பிடிக்கிற பலகைக்கு முன்னால் நின்றாள். மொசைக் தரை மெதுவாக எழும்பி அவள் இடது பாதத்தைத் தாங்கிக்கொண்டது. படத்தில் இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே நேராக, மட்டப்பலகை வைத்த மாதிரி இருந்தது.

ஆபீஸ்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சமமாத்தானம்மா இருக்கு. எதுக்கு ஆபரேஷன்?"

"படுக்கப்போட்டு அளந்தா தெரியும் சார்."

"எனக்குப் படம்தான். படத்துல என்ன இருக்கோ அதுதான்."

இரண்டாம் தடவை எடுத்தார்கள், தரை எழும்பியது. மூன்றாம் தடவை எடுத்தார்கள், எழும்பியது. டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார், ஆபீஸ்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். எக்ஸ்ரே அறையில் மூன்று மேடு ஆகிவிட்டதால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் சிக்குகிறது என்று தரை துடைக்கிற அம்மா சத்தம் போட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான படம் வரலேன்னா இந்தப் பேரை எடுத்துருவாங்க," என்றார் ஆபீஸ்காரர், ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

ஜெனோவா கோபத்தோடு வீட்டுக்கு வந்தாள். கோபத்தோடேயே தங்கச்சியைத் தயார் பண்ண உட்கார்ந்தாள். படம் கிடைக்கிறதோ இல்லையோ, பிள்ளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அமலியின் பழைய பொம்மையை எடுத்து அதன் காலைச் சுற்றிக் கட்டுக்கம்பியில் மூன்று வளையம் செய்தாள், சைக்கிள் கம்பியை வெட்டி நெடுக்கே கட்டினாள்.

"இதுதான் உனக்கு மாட்டுவாங்க."

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும்."

"குருசம்மா சித்தி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொன்னாங்க."

"சித்திக்கு எலும்ப வெட்டிருக்காங்களா? பெறவு சித்திக்கு எப்படித் தெரியும்? வலிக்கும் ட்டி. வெட்டும்போது தெரியாது, மயக்க ஊசி போடுவாங்க. முழிச்ச பெறவு வலிக்கும், மருந்து தருவாங்க, பெறவும் கொஞ்சம் வலிக்கும். கம்பி உள்ள போற இடத்த தினம் நான் தொடச்சு விடுவேன். திருகையும் நான்தான் திருகுவேன், காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு. நாப்பத்தஞ்சு நாளு. அதுக்குப் பெறவு எலும்பு இறுகுறதுக்கு இன்னும் பல மாசம்."

அமலி பொம்மைக் காலைத் திருகிப் பார்த்தாள். பொய் சொல்லாத ஆள் வீட்டில் ஒருத்தியாவது இருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பொம்மையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் போகலக்கா."

"வலிக்கா பயப்படுதே?"

"இல்ல. லிங்கத்துரை தாத்தா சொன்னாங்க. நான் காலைச் சரி பண்ணிட்டா பெறவு தரை எழும்பாதாம். மழையில எல்லாரு வீடும் முங்கிருமாம். பச்சப்பிள்ளையெல்லாம் முங்கிருமாம். அதெல்லாம் என் தலையிலதான் விழுமாம்."

ஜெனோவா எழுந்து அப்படியே நடந்து சங்கத்துக் கொட்டகைக்குப் போனாள். லிங்கத்துரை அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், குருசம்மா சித்தியும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள், ஐப்பசிக்குள் மேற்கு வரிசைக்கு இன்னும் எத்தனை நடை என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பிள்ளைகிட்ட என்ன சொன்னிய அண்ணாச்சி?"

"வாட்டி ஜெனோவா. உள்ளதத்தான் சொன்னேன். மூணு தடவ படம் எடுத்தும் வரலயாமே? தரையே வேண்டாங்குது. ஆண்டவர் குடுத்த காலை அறுக்கலாமா?"

"போன மாசம் வரைக்கும் அந்தக் காலு நொண்டிக்காலு. அதுவும் ஆண்டவர் குடுத்ததுதான். அப்ப ஒருத்தரும் கும்பிடலையே?"

"ஏட்டி, பெரியவங்ககிட்டப் பேசுத பேச்சா இது?" என்றாள் குருசம்மா சித்தி. "ஊருக்கே ஒரு நல்லது நடக்கு. பிள்ளை நேராத்தான நடக்கா?"

"நேரா நடக்கா சித்தி. சாயங்காலம் எப்படி நடக்கான்னு எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்திருக்கியளா? தண்ணிக்குள்ள குண்டியால நகருதா. எங்க வீட்டுக்கு எந்தக் கிழமை அண்ணாச்சி? பலகையில எங்க வீட்டுப் பேர எழுதினியளா?"

யாரும் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம்தான் ஜெனோவா மேசையின் காலைப் பார்த்தாள். பழைய மேசை, ஒரு கால் கட்டை. ஆடாமல் இருக்க அதன் அடியில் ஒரு காகிதம் எட்டாக மடித்து வைத்திருந்தது. குனிந்து உருவினாள். மேசை சாய்ந்தது, டீக்கிளாஸ் வழுக்கிக்கொண்டு வந்து அண்ணாச்சி மடியில் கவிழ்ந்தது. அவர் துள்ளி எழுந்து வேட்டியை உதறுகிற நேரத்துக்குள் அவள் காகிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்: "பெருமதிப்பிற்குரிய ஐயா, எங்கள் காலனித் தெருவுக்குச் சரள் மண்..." அதோடு நின்றிருந்தது. மண் என்ன ஆக வேண்டும் என்று அதில் இல்லை.

"மேசைக்குக் கட்டைக்காலுன்னா காகிதம் குடுக்கிய. எங்க பிள்ளைக்கு நாலரை சென்டிமீட்டர் குடுக்க மாட்டியளோ?"

"பாத்தியளா, பாத்தியளா," என்றார் அண்ணாச்சி எல்லோரையும் பார்த்து, நனைந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "பாதியில படிப்ப விட்ட கழுதைக்கு எம்புட்டு ஏத்தம்!"

அமலி வாசலில் நின்றாள். பின்னாலேயே வந்திருக்கிறாள், வந்த வழியெல்லாம் புது மேடு. வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டாள், "ஏத்தம்னா என்னக்கா?"

ஜெனோவா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மண்ணு எழும்புனா மேடும்பாங்க. நம்மள மாதிரி ஆளு எழும்புனா ஏத்தம்பாங்க."

"அது நமக்கு எம்புட்டு இருக்கு?"

"போதாது ட்டி," என்றாள் ஜெனோவா.

மனுவை அன்றைக்கே அவள் எழுதி முடித்தாள். மண் அடித்துத் தர வேண்டும், இரண்டு வரி, அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? காலனியில் கையெழுத்து வாங்கப் போனாள், ஆறு பேர் போட்டார்கள், மற்றவர்கள் கை வேலையாக இருக்கிறது என்றார்கள். அமலி அந்த ஆறு கையெழுத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "பெரியவங்களே மண்ணு கேக்கலாம்னா பெறவு ஏன் என்னை நடக்கச் சொன்னாங்க?" என்று கேட்டாள். ஜெனோவா மனுவை மடித்து மாநகராட்சிக்குத் தபாலில் சேர்க்க எடுத்து வைத்தாள். அமலி பொம்மையைத் திரும்ப எடுத்து, வளையம் மாட்டின காலைக் கால்வாசிச் சுற்று திருகினாள்.

வெள்ளிக்கிழமை காலை எக்ஸ்ரே அறைக்கு இரண்டு பேரும் போனார்கள். அமலி பலகைக்கு முன்னால் நிற்கப் போனாள், ஜெனோவா நிறுத்தினாள். சின்ன வயசில் உப்பளத்தில் முதல் முதலாகப் பாத்தி மிதிக்கப் போன நாளில், உப்புத்தண்ணி கடித்துப் பிள்ளை கால் வெந்துவிடும் என்று அம்மா அவளைத் தன் பாதத்தின் மேலே நிறுத்திக்கொண்டு மிதித்தது ஞாபகம் வந்தது. தரைதானே எழும்பும்? அக்கா காலும் எழும்புமா என்ன?

"சார், அந்தக் கனமான ஈயச் சட்டையைக் குடுங்க," என்றாள் படம் எடுக்கிறவரிடம். "நானும் நிக்கேன்."

அவர் எவ்வளவோ சொன்னார். டாக்டரம்மா வந்து பார்த்து, "குடுங்க," என்றார்.

ஜெனோவா பிள்ளை இடுப்பை மறைக்காமல் ஈயச் சட்டையை வயிற்றோடு சுருட்டிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பலகையை ஒட்டி நின்றாள். அமலி அவள் பாதங்களின் மேலே ஏறி நின்றாள், வலது மேல் வலது, இடது மேல் இடது, முதுகை அக்கா மேல் சாய்த்து. தரைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜெனோவாவின் இடது உள்ளங்காலுக்குக் கீழே மொசைக் நெளிந்தது, பிறகு முட்டியது, அடியில் ஒரு மாடு மூச்சு விடுகிற மாதிரி விம்மியது. ஜெனோவா பல்லைக் கடித்தாள். ஆறு மாசமாகப் பாத்தி பாத்தியாக மிதித்துக் கல்லாக்கின கால் அது, உப்பு தின்று வெடித்து வெடித்துக் காய்ந்த பாதம் அது, வா பாப்போம் என்று குதிகாலை ஊன்றி மிதித்தாள். உனக்கு யார் கேட்டா பிச்சை, உன் தாங்கல் யாருக்கு வேணும், எட்டு வயசுப் பிள்ளையை நாற்பது நடை நடக்கவைத்துவிட்டுக் கும்பிடு வாங்குகிறாயா என்று வாய்க்குள் திட்டித் திட்டி மிதித்தாள், தரை இரண்டு தடவை முட்டிப் பார்த்தது, மூன்றாம் தடவை முட்டவில்லை, பாத்தித் தரை மாதிரி கம்மென்று அடங்கிவிட்டது. அக்கா பாதத்துக்கு மேலே அமலியின் இடது பாதம் எட்டாமல், மூன்று விரக்கடை இடைவெளி விட்டு, அந்தரத்தில் தொங்கியது.

"எடுங்க!" என்று கத்தினாள் ஜெனோவா.

ஆபீஸ்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தார்.

"என்னம்மா இது, நாலு பாதம் இருக்கு?"

"ரெண்டு என்னது. மீதியப் பாருங்க."

பார்த்தார். மீதியில் ஒன்று நின்றது, ஒன்று தொங்கியது. எனக்குப் படம்தான் என்று சொன்ன மனுஷர் வேறு என்ன செய்வார், முத்திரையை எடுத்துக் குத்தினார்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா பனிமேரி துணிப்பையோடும் தட்டு டம்ளரோடும் முன்னால் போனாள், ஜெனோவா அமலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள், வளையம் மாட்டின பொம்மை அமலியின் கையில். தெரு முழுக்க வாசலில் நின்றார்கள். யாரும் வழியை மறிக்கவில்லை, ஆனால் கெஞ்சினார்கள், மேட்டம்மா ஒரே நடை, இறங்கி ஒரே ஒரு நடை, எங்க வாசல்ல மட்டும் ஒரு விரக்கடை குறையுது. ஜெனோவா பிடியை இறுக்கினாள்.

குருசம்மா சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள். "போயிட்டு வா கண்ணு, ஆனா ஒரு நடை நடந்துட்டுப் போ. மழை வலுக்கு பாரு."

"சித்தி," என்றாள் அமலி இடுப்பிலிருந்தபடியே, "உங்க வாசலுக்கு இன்னும் எம்புட்டு மண்ணு வேணும்?"

"என்ன, ஒரு லோடு அடிச்சாப் போதும்."

"அப்ப ஒரு லோடு அடிங்க."

சித்தி நின்றுவிட்டாள். பக்கத்து வாசலில் யாரோ சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். சங்கத்துக் கொட்டகை வாசலில் குடை பிடித்து நின்ற லிங்கத்துரை அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது.

"கேட்டியளா? அக்காக்காரிக்குத்தான்னு பாத்தா, இந்தச் சின்னக் கழுதைக்கும் எம்புட்டு ஏத்தம்!"

அமலி அக்காவின் தோளுக்கு மேலே திரும்பி அவரைப் பார்த்தாள். மழையில் மூன்று விரலை ஒட்டவைத்து நீட்டிக் காட்டினாள்.

"மூணு விரக்கடை, தாத்தா," என்றாள். "வாங்கத்தான் போறேன்."